வில்னோவில் ஓர் இதயம்

ஒரு மனிதருக்கு இரண்டு கல்லறைகள் இருத்தல் கூடுமோ? போலந்தின் வரலாற்றைக் கற்பிக்கப் புகும்போதெல்லாம் இவ்வினாவையே நான் மாணவர்முன் முதலில் வைப்பேன். யோசேப் பில்சுட்ஸ்கியின் உடல் கிராக்கோ நகரின் வாவெல் பேராலயத்தில் பழைய மன்னர்களோடு துயில்கின்றது. அவர் இதயமோ வில்னோ நகரில் அன்னையின் கல்லறையில் அடக்கமாயிற்று. இன்று அந்நகர் லித்துவேனியாவின் தலைநகரான வில்னியுஸ்.

1795இல் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக் கொண்டன. 1863இல் எழுந்த கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளின்பின், வில்னோவுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிலே பில்சுட்ஸ்கி பிறந்தார். தடைசெய்யப்பட்ட போலந்துக் கவிதைகளை அன்னை மரியா வீட்டினுள் மறைவாகப் படித்துக் காட்டினார். நாடிழந்தோர்க்கு மொழியே நாடாயிற்று.

இளமையில் ஐந்தாண்டுகள் சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். 1900இல், இரகசியப் பத்திரிகை நடத்தியமைக்காகச் சிறைப்பட்டவர், பித்தர்போல் நடித்து மறு ஆண்டு மருத்துவமனையிலிருந்து தப்பினார். 1918 நவம்பர் 11இல் படைத் தலைமை அவர் கைக்கு வந்தது. 123 ஆண்டுகளின்பின் போலந்து மீண்டது.

இங்கேதான் என் உள்ளம் தயங்கும். 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் இணைந்து அமைத்த பழைய கூட்டரசை மீண்டும் எழுப்புவதே அவர் கனவு. லித்துவேனியர், பெலரூசியர், உக்ரேனியர் யாவரும் கூடினாலன்றி ருஷ்யாவுக்கும் ஜேர்மனிக்கும் ஈடுகொடுத்தல் இயலாதென அவர் எண்ணினார். ஆயின், அம்மக்களிடத்தும் தனித்த நாட்டுணர்வு விழித்துவிட்டதே! 1920 மே மாதத்தில் உக்ரேனியத் தலைவர் பெத்லியூராவுடன் கூடிக் கீவ் நகரைக் கைப்பற்றினார். ஓகஸ்டில் வார்சோவின் வாயிலிலே செஞ்சேனையை முறியடித்தார். ஒக்ரோபரில் அவரது இரகசியக் கட்டளைப்படி தளபதி செலிகோவ்ஸ்கி, ஆணை மீறியவர்போல் நடித்து, வில்னோவைப் பிடித்தார். அங்கே போலந்தியரும் யூதருமே மிகுதி. லித்துவேனியர்க்கோ அது தம் தொன்மைத் தலைநகர். பிறந்த மண்ணின் பாசம் வென்றது. கூட்டரசுக் கனவு மடிந்தது. 1938 வரை லித்துவேனியா போலந்துடன் உறவு பூணவில்லை. 1921இல் ரீகா உடன்படிக்கையால் உக்ரேனிய, பெலரூசிய நிலங்கள் போலந்துக்கும் சோவியத்துகளுக்குமிடையே பிரிக்கப்பட்டன. பங்கிடப்பட்ட நாடே பங்கிடும் நாடாயிற்று.

1926 மே மாதத்தில் படைகொண்டு ஆட்சியைப் பற்றினார். மூன்று நாட்களில் 379 பேர் மாண்டனர். 1935 மே 12இல் அவர் மறைந்தார். நான்கே ஆண்டுகளில் ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தை மீண்டும் பங்கிட்டன.

அவரை வீரரென்று மட்டும் கற்பித்தல் பாதி உண்மையே. தன் மொழியை உயிரெனக் காத்த இனம், அயலார்க்கும் அவர் மொழி உயிரேயென உணர்தல் வேண்டும். வில்னோவில் உறங்கும் அவ்விதயம் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.