வானொலிப் பெட்டி செய்த கோர்டன் ரசல்

பகாவ் அருகே தோட்ட வீட்டில் தாத்தா விட்டுச்சென்ற வானொலியின் மரப்பெட்டியை இந்த விடுமுறையில் சீர்செய்து வருகிறேன். அப்போதுதான் கோர்டன் ரசலைப் பற்றிப் படித்தேன்.

1892இல் லண்டனில் பிறந்தவர். 1904இல் அவருடைய தந்தை பிராட்வே என்னும் சிற்றூரில் ஒரு பழைய விடுதியை வாங்கினார். விடுதிக்கான பழங்கால நாற்காலி, மேசைகளைப் பழுதுபார்த்த பட்டறையில்தான் ரசல் மரவேலை பழகினார். முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்றுத் திரும்பியதும், புதிய தளவாடங்களைத் தாமே வரைந்து செய்தார்.

பிறகு வந்தது பொருளாதார மந்தம். கைவேலைத் தளவாடங்களை வாங்க ஆளில்லை. பட்டறையைக் காப்பாற்றியவை மர்பி நிறுவனத்தின் வானொலிப் பெட்டிகள். தம்பி டிக் அவற்றை அலங்காரமில்லாமல் எளிமையாக வடிவமைத்தார். 1935இல் லண்டன் பார்க் ராயலில் அதற்கெனத் தொழிற்சாலையே எழுந்தது. கைத்தொழிலாளர் இயந்திரத்துக்கு மாறியது துரோகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாவிட்டால் நல்ல மரவேலை பணக்காரர் வீட்டோடு நின்றிருக்கும். 1955இல் சர் பட்டம் பெற்ற ரசல், 1980இல் மறைந்தார்.

எங்கள் பெட்டி அவர் செய்ததன்று. ஆனாலும் கரையான் அரித்த அடிப்பலகையை வெட்டும்போது, பழைய மரத்தில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று ரம்பத்தை நிறுத்திப் பார்க்கிறேன்.