புதுக்கோட்டை தந்த புதுமைப்பெண்

எங்கள் ஊரான எம்.ரெட்டியபட்டியில் முத்துலட்சுமி என்ற பெயர் ஒரு பணத்தின் பெயராகத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. தம்பி பிறந்தபோது அரசு தந்த மகப்பேறு நிதியைத் தெருப் பெண்கள் முத்துலட்சுமி பணம் என்றே சொன்னார்கள். அந்த முத்துலட்சுமி யார்? அம்மாவுக்குத் தெரியாது. நம் கல்லூரி நூலகத்தில் படிக்கும்வரை எனக்கும் தெரியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்த மணத்துக்காகத் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். பெண் பெரியவளானதும் பள்ளி நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து மகாராஜா கல்லூரி. அங்கே படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண், அதுவும் தேவதாசியின் மகள், உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று முதல்வரும் சில பெற்றோரும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். தோழியரே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு போதும் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்ததுண்டு. எனக்காகப் பேச மன்னர் யாரும் வரவில்லை. பருத்தி எடுக்கப் போகும் அம்மாதான் பேசினார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளுக்கு அவர் இசைந்த பிறகே மணம் நடந்தது. இன்றும் எத்தனை பெண் பார்க்கும் படலங்களில் பெண் தன் நிபந்தனையைச் சொல்கிறாள்!

பிறகு சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். தாயின் மரபை உள்ளிருந்து அறிந்தவர் அல்லவா! பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் பாடுபட்டார். 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார்.

அந்தக் காலத்தில்தான் தேவதாசி வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. தம் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டவர் அவர் என்பதை நினைத்தால் இது எனக்கு வியப்பாக இல்லை. பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இதே குறிக்கோளுக்காகத் தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராக அலைந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அவருடைய பெயரில் உள்ளது. மாதம் 1000 ரூபாய் பெறும் நம் தோழியர் அந்தப் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவரை விடவில்லை. பல ஆண்டுகள் முயன்று 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். 1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்லூரியில் அவருக்குப் பிறகு அடுத்த பெண் எப்போது சேர்ந்தாள் என்று கேட்டார். நூலகத்தில் மறுபடியும் தேட வேண்டும்.