ஒரே பூசை

நமது ஏட்டில் ஒரு பாதிரியாரின் வரலாறா என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டு நெரித்தால் போதும்.

சமாதானம், சமரசம், ஒற்றுமை. இந்த மூன்று சொற்களையும் வெறுப்பவர் உலகில் எவருமில்லை. உழைப்பவன் விரும்புகிறான், அவன் உழைப்பை உறிஞ்சுபவனும் விரும்புகிறான். ஆலைக் கதவை அடைத்துப் பூட்டிய முதலாளி, வாசலிலே பட்டினியோடு நிற்கும் தொழிலாளியைப் பார்த்து, சமாதானமாகப் போய்விடலாமே என்கிறான். தடியடி நடத்திய அதிகாரியும் மாலையில் ஒற்றுமையைப் பற்றித்தான் பேசுகிறார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. எது மெய்ப்பொருள், எது போலிப்பொருள் என்று கோயில் மேடையிலே நின்று மூன்றாண்டு காலம் பிரித்துப் பிரித்துக் காட்டினார் ஒருவர். அந்தக் குற்றத்துக்காகப் பலிபீடத்தின் முன்னாலேயே சுட்டு வீழ்த்தினார்கள் அவரை. அவர்தான் ஆஸ்கார் ரொமேரோ, எல் சால்வடார் நாட்டுத் தலைநகரான சான் சால்வடாரின் பேராயர்.

எல் சால்வடார் மத்திய அமெரிக்காவிலே உள்ள சின்னஞ்சிறு நாடு. பரப்பளவு 21,000 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். மலைச்சரிவெல்லாம் காப்பி, தாழ்நிலத்திலே கரும்பும் பருத்தியும். 1880களில் ஊர்ப் பொதுநிலங்களைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஊராருக்குச் சொந்தமாயிருந்த மண், காப்பித் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயிற்று. பதினான்கு குடும்பங்கள் நாட்டை ஆள்வதாக மக்கள் சொல்வார்கள். எண்ணிக்கை முன்பின் இருக்கலாம், நிலைமை அதுதான். 1932இல் உழவர்கள் எழுந்தார்கள். சில வாரங்களுக்குள் ராணுவம் சுட்டுத் தள்ளிய உயிர்கள் பதினாயிரத்துக்குக் குறையாது. முப்பதினாயிரம் என்பாரும் உண்டு. அதற்குப் பிறகு நாட்டிலே ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சுடுகாட்டு அமைதிக்குத்தான் சமாதானம் என்று பெயரிட்டுக் காத்துவந்தார்கள் ஆளவந்தார்கள்.

இந்த நாட்டின் கிழக்கு மலைப்பகுதியில், சியுதாத் பாரியோஸ் என்ற ஊரில், 1917 ஆகஸ்ட் 15இல் பிறந்தார் ரொமேரோ. தந்தை தந்தி அலுவல் பார்த்தவர். பையனைத் தச்சுத் தொழிலுக்கு விட்டார்கள். உளியும் இழைப்புளியும் பிடித்த கைதான் பின்னாளில் செங்கோல் பிடித்தது. குருமடத்தில் சேர்ந்து, ரோமாபுரியிலே படித்து, 1942இல் குருப்பட்டம் பெற்றார். நாடு திரும்பி இருபது ஆண்டுகளுக்கு மேல் சான் மிகுவல் நகரிலே பணி. ஜெபம், புத்தகம், பிரசங்கம், இவையே உலகம். கூச்ச சுபாவம். ஏழைகளுக்கு உதவுவார், ஏழ்மைக்குக் காரணம் என்ன என்று கேட்கமாட்டார். கேட்ட பாதிரிமாரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். திருச்சபை ஏட்டுக்கு ஆசிரியராயிருந்தபோது கண்டித்தும் எழுதினார். மறைப்பானேன், நாம் அன்று அந்த நாட்டிலே இருந்திருந்தால் அவரை நம்மவராகக் கருதியிருக்க மாட்டோம்.

1974இல் சாந்தியாகோ தெ மரியா என்ற மறைமாவட்டத்துக்கு ஆயரானார். காப்பி நாடு அது. அறுவடைக் காலத்திலே கூலிக்கு வந்தவர்கள் இரவெல்லாம் குளிரிலே, ஊர்ச் சதுக்கத்தில் தரையிலே படுத்துக் கிடப்பதைக் கண்டார். திருச்சபைக் கட்டடங்களைத் திறந்துவிட்டார். மறு ஆண்டு, திரேஸ் காயேஸ் என்ற சிற்றூரிலே தேசியக் காவற்படை நள்ளிரவில் புகுந்து உழவர்களைக் கொன்றது. பிணங்களைப் பார்த்தார், அழுதவர்களைத் தேற்றினார். பிறகு என்ன செய்தார்? குடியரசுத் தலைவருக்கு அந்தரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். ஊரறியப் பேசவில்லை. பெரிய இடத்துக்குச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய காலம் அது.

ஆகவே, 1977 பிப்ரவரியில் அவர் தலைநகரின் பேராயர் ஆனபோது பண்ணையார்கள் மகிழ்ந்தார்கள். ஏழைகள் நடுவே வேலை செய்த பாதிரிமார்கள் தலையிலே கை வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் ஆகவில்லை. மார்ச் 12. ருத்திலியோ கிராந்தே என்ற இயேசு சபைப் பாதிரியார், அகிலாரெஸ் பங்கிலே கரும்புத் தோட்டக் கூலிகளைக் கூட்டி, படிக்கவும் பேசவும் சேர்ந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தவர், ரொமேரோவின் நண்பர், பூசை வைக்கப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த ஒரு கிழவரும் ஒரு சிறுவனும் மாண்டார்கள். அன்றிரவே ஓடினார் பேராயர். கோயிலிலே மூன்று சடலங்கள். சுற்றிலும் கரும்பு வெட்டும் மக்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த முடிவை எடுத்தார். பேராயரகப் பள்ளிகள் மூன்று நாள் மூடப்படும். வரும் ஞாயிற்றுக்கிழமை பேராயர் ஆட்சிப் பகுதியிலே எந்தக் கோயிலிலும் பூசை கிடையாது. தலைநகரப் பேராலயத்தின் வாசலிலே ஒரே ஒரு பூசை. வேண்டுவோர் அங்கே வரலாம்.

பார்ப்பதற்கு இது வழிபாட்டு ஏற்பாடு. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் தோழர்களே! கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை கட்டாயக் கடமை. செல்வச் சீமான்கள் தங்கள் பேட்டைக் கோயிலிலே, தங்கள் வரிசையிலே, தங்கள் உறவினரோடு அமர்ந்து அந்தக் கடமையைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கூலிக்காரன் தன் ஊர்க் கோயிலிலே நிற்பான். இருவரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்வதாகப் பேச்சு, கண்ணால் கண்டதில்லை. அந்த ஞாயிறு மட்டும், பூசை வேண்டுமென்றால் பண்ணையாரும் அந்தச் சதுக்கத்துக்குத்தான் வரவேண்டும். தன் தோட்டக் கூலியின் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும். கொலையுண்ட பாதிரியாரின் பெயரைக் காதாரக் கேட்கவேண்டும். கொதித்தார்கள் கோமான்கள். போப்பாண்டவரின் தூதர் கூடாது என்றார். அவசரநிலை அமலில் இருக்கிறது, பொதுக் கூட்டத்துக்குத் தடை என்றது அரசு. பாதிரிமாரைக் கூட்டி வைத்து மணிக்கணக்கில் பேசவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே பூசைதான் என்றார் ரொமேரோ.

மார்ச் 20 அன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாதிரிமார்கள் அவரோடு நின்றார்கள். ஒற்றுமை என்ற சொல்லுக்கு அந்த நாட்டு ஏழைகள் கண்ட முதல் உருவம் அது. கொலையைப் புலனாய்ந்து உண்மையைச் சொல்லும்வரை அரசு விழா எதிலும் கலந்துகொள்ளேன் என்று அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்றார். பேராயரின் நாற்காலி காலி.

மே மாதம் அகிலாரெஸை ராணுவம் பிடித்துக்கொண்டது. கோயிலே பாசறையாயிற்று, நற்கருணைப் பேழையைச் சுட்டுத் துளைத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜூன் 19இல் மக்களோடு அங்கே போனார் ரொமேரோ. பூசை முடிந்து பவனி புறப்பட்டது. எதிரே துப்பாக்கி நீட்டியபடி சிப்பாய்கள். முன்னே போனவர்கள் தயங்கி நின்று, பின்னே வந்த பேராயரைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்னே செல்லுங்கள் என்றார். சென்றார்கள். சுடவில்லை.

அவருடைய ஞாயிறு பிரசங்கம் ஒன்றரை மணி நேரம்கூட நீளும். வேத விளக்கம் முடிந்ததும் அந்த வாரத்து நடப்பு. கொல்லப்பட்டவர் யார், எங்கே, எப்போது. பிடித்துக்கொண்டு போகப்பட்டுக் காணாமற்போனவர் யார். பெயர் பெயராகச் சொல்லுவார். பேராயரகத்தின் வானொலி அதைக் குடிசைதோறும் கொண்டு சேர்த்தது. முதலாளிப் பத்திரிகைகள் மறைத்த செய்தியைப் பூசை மேடையிலே கேட்டது நாடு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தன் பிள்ளையின் பெயரைப் பேராயர் வாயால் கேட்டாள். வானொலி நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். சீராக்கி மீண்டும் பேசினார். மாளிகையில் வாழவில்லை அவர். புற்றுநோயாளிகளுக்காகக் கன்னியர் நடத்திய மருத்துவமனை வளாகத்திலே சிறு ஜாகை.

1978 ஆகஸ்டில் அவர் விடுத்த சுற்றுமடலைத் தொழிற்சங்கத் தோழர்கள் அறியவேண்டும். உழவனுக்குச் சங்கம் சேர உரிமை உண்டு. அதை மறுப்பது அநீதி. அநீதியை வைத்துக்கொண்டு வன்முறையை மட்டும் பழிப்பது வேஷம் என்பது அதன் சாரம். அந்த மடலிலே அவரோடு கையெழுத்திட்ட ஆயர் ஒருவரே. மற்ற நான்கு ஆயர்களும் உழவர் சங்கங்களைச் சாடி எதிர் அறிக்கை விட்டார்கள்! திருச்சபையின் ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று ரோமாபுரிக்குப் புகார் போயிற்று. 1979 மே மாதம் போப்பாண்டவரை நேரில் கண்டார். மற்ற ஆயர்களோடு ஒற்றுமை காக்கும்படி அங்கேயும் அறிவுரை. மனம் கனத்துத் திரும்பினார். ஒற்றுமையை அவர் வெறுத்தாரா? இல்லை. பொய்யின் மீது கட்டிய ஒற்றுமையை ஏற்க மறுத்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், விட்டுவிட்டால் இது வரலாறு ஆகாது, துதிபாடல் ஆகிவிடும். இடதுசாரி ஆயுதக் குழுக்கள் ஆள் கடத்தியபோதும் கொன்றபோதும் அவற்றையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். 1979இல் எழுதிய மடலில், செல்வத்தை வணங்குவது விக்கிரக வணக்கம் என்றார்; தேசப் பாதுகாப்பு என்ற பெயரால் ராணுவத்தை வணங்குவதும் அப்படியே என்றார்; அத்தோடு நில்லாமல், மக்களுக்காகப் பிறந்த அமைப்பு மக்களைவிடப் பெரிதாகிவிட்டால் அதுவும் விக்கிரகமே என்றார். அவ்வாண்டு அக்டோபரில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தபோது, சீர்திருத்தம் வருமோ என்று சிறிது காலம் நம்பிப் பார்த்தார். இடதுசாரிகள் சினந்தார்கள். நம்பிக்கை பொய்த்தது, கொலைகள் பெருகின, அதையும் அவரே மேடையிலே சொன்னார். கட்சிக்காரனுக்குக் கசக்கிற மருந்தும் அவர் பையில் இருந்தது.

1980 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, எங்கள் ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள், அது எம் மக்கள் மீதே பாயும் என்று கேட்டுக்கொண்டார். உதவி நிற்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் பல நூறு கோடி டாலர் வந்து இறங்கியது.

மார்ச் 23, ஞாயிறு. பிரசங்கத்தின் முடிவில் சாதாரணச் சிப்பாய்களை நோக்கித் திரும்பினார். நீங்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் சகோதரரையே கொல்கிறீர்கள். கொல்லாதே என்ற கடவுள் கட்டளைக்கு மாறான எந்த உத்தரவுக்கும் கீழ்ப்படியக் கடமையில்லை என்றார். அடக்குமுறையை நிறுத்தும்படி கடவுளின் பெயரால் ஆணையிட்டார். எதிரி என்று எவரையும் அழைக்கவில்லை. சிப்பாயையும் உழவனையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக நிறுத்திக் காட்டினார். ஆளவந்தார்களை நடுங்க வைத்தது அதுதான்.

மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயத்திலே, நண்பர் ஒருவரின் தாயாருக்கு ஆண்டு நினைவுப் பூசை. பிரசங்கத்தை முடித்துக் காணிக்கைப் பகுதிக்குத் திரும்பும் வேளை. வாசலிலே வந்து நின்றது ஒரு கார். ஒரே குண்டு. சாய்ந்தார் ரொமேரோ. வயது 62.

30ஆம் தேதி அடக்கம். பேராலயச் சதுக்கத்திலே கூடிய ஏழைகள் மீது குண்டு வீசினார்கள், சுட்டார்கள். நெரிசலில் சிக்கியும் சூடுபட்டும் மாண்டவர் நாற்பது பேர் வரை. பன்னிரண்டாண்டு உள்நாட்டுப் போர் மூண்டு 75,000 உயிர்களைக் குடித்தது. 1992 ஜனவரியில் ஒப்பந்தமாயிற்று. 1993 மார்ச் 15இல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம் அறிக்கை வெளியிட்டது: கொலைக்கு உத்தரவிட்டவர் முன்னாள் மேஜர் ரொபெர்த்தோ தௌபுய்ஸோன். ஆளுங்கட்சியைத் தோற்றுவித்த தலைவர் அவர். முந்திய ஆண்டே நோயில் இறந்துபோயிருந்தார்.

அறிக்கை வந்த ஐந்தாம் நாள் நாடாளுமன்றம் கூடியது. போர்க்காலக் குற்றங்கள் அனைத்துக்கும் பொதுமன்னிப்பு. சட்டத்தின் பெயரிலேயே சமாதானத்தை உறுதிப்படுத்துவதற்காக என்று எழுதிவைத்தார்கள். நாள் மார்ச் 20. ஒரே பூசை நடந்து அன்றோடு பதினாறு ஆண்டு நிறைந்தது.

2010இல் அரசின் சார்பில் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2016இல் அந்தச் சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2018 அக்டோபர் 14இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. சுட்டவனுக்கு அந்த நாட்டு நீதிமன்றம் எதுவும் தண்டனை வழங்கவில்லை.