படக்கலைஞர் யசுஜிரோ ஓசு

மகளைப் பெற்று வளர்த்த பெற்றோர், அவளைத் தக்கான் ஒருவன் கையிற் கொடுத்தனுப்பும் நாளில் எய்தும் உணர்ச்சி இன்னதென வரையறுத்தல் அரிது. மகிழ்ச்சியோ எனின் மகிழ்ச்சியே. துயரோ எனின் துயரே. நம் அகப்பொருள் நூல்கள் மகளைப் பிரிந்த தாயின் இரக்கத்தைப் பெரிதும் பேசுகின்றன. தந்தையின் இரக்கத்தை அருகியே பேசுகின்றன. அத்தந்தையின் மனத்தையே தம் கலைக்குப் பொருளாகக் கொண்டு, ஒருமுறையன்றிப் பன்முறை அதனை எண்ணியெண்ணித் தீட்டிய பெரியார் ஒருவர் ஜப்பானில் வாழ்ந்தார். அவரே யசுஜிரோ ஓசு என்னும் சலனப்படக் கலைஞர். வியப்பு யாதெனின், அவர் மணம் புரிந்திலர்; மகளைப் பெற்றதுமில்லை. பெறாத மகளைப் பிரியும் துயரை அவர் எங்ஙனம் அறிந்தார்? இவ்வினாவோடு அவர்தம் வாழ்க்கையை ஈண்டு நோக்கப் புகுகின்றோம்.

ஓசு 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், டோக்கியோ நகரின் ஃபுகாகாவா பகுதியிற் பிறந்தார். தந்தையார் உர வணிகர். மக்கள் ஐவருள் இவர் இரண்டாம் புதல்வர். 1913-இல் தந்தையார் தொழிலின் பொருட்டு டோக்கியோவிலேயே தங்க, தாயும் மக்களும் மியே மாகாணத்து மட்சுசாகா என்னும் ஊருக்குச் சென்று வாழலாயினர். இளமையின் சிறந்த பத்தாண்டுகள் இவருக்குப் பெரும்பாலும் தந்தை அருகில் இன்றியே கழிந்தன. தாயன்பு ஒன்றே துணையாயிற்று.

கல்வியில் இவர் மனம் செல்லவில்லை. படக்காட்சிகளில் உள்ளம் பறிகொடுத்தார். 1920-இல் பள்ளி விடுதியினின்று விலக்கப்பட்டு, நாடோறும் புகைவண்டியிற் பள்ளி சென்று வரலாயினார். கோபே நகரத்து வணிகக் கல்லூரிக்கு நடந்த நுழைவுத் தேர்விலும் தவறினார். தேர்வில் தவறி வருந்தும் அன்பர் எவரேனும் நம் கல்லூரியில் இருப்பின், இதனைப் படித்து ஆறுதல் அடைவாராக. ஆயினும் இதனையே வழியாகக் கொள்ளற்க! பின்னர் மலைச்சிற்றூர் ஒன்றில் ஓராண்டு தற்காலிக ஆசிரியராக இருந்து, 1923-இல் டோக்கியோ மீண்டு, ஷோச்சிக்கு என்னும் படக்கழகத்தில் படப்பிடிப்புத் துறையின் உதவியாளராக அமர்ந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. எனினும் மகன் தன் வழியிற் செல்ல ஒருவாறு இசைந்தார். மக்கள் தம் வழியே செல்லப் பெற்றோர் மனமிசைதல் என்னும் பொருள் பிற்காலத்து இவர் படங்களில் இடையறாது தோன்றுவதை நோக்குமிடத்து, அதன் வித்து இங்கேயே ஊன்றப்பட்டதோ என எண்ணுகின்றோம்.

1927-இல் இவர் தம் முதற்படத்தை இயக்கினார். அது இன்று கிடைத்திலது. 1932-இல் வெளிவந்த ‘பிறந்தோம், ஆயினும்’ என்ற ஊமைப்படம் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. தம் தந்தை மேலாளர் முன் கூனிக்குறுகி நிற்பதைக் கண்டு மனமுடைந்து, உண்ண மறுக்கும் இரு சிறுவரின் கதை அது. 1934-இல் இவர்தம் தந்தையார் மறைந்தார். 1936-இல் எடுத்த ‘ஒரே மகன்’ இவரது முதற் பேசும்படமாகும்.

1937-இல் இவர் படைக்கு அழைக்கப்பட்டுச் சீனத்திற்கு அனுப்பப்பட்டார். அயல்நாட்டின்மேற் படையெடுத்துச் சென்ற சேனையில், அதுவும் நச்சுவாயுவைக் கையாண்ட பிரிவொன்றில், ஏறத்தாழ ஈராண்டுகள் இவர் பணியாற்றினார். இதனை மறைத்து இவர் வாழ்க்கையை எழுதுதல் முறையன்று. இல்லத்தின் மென்மையை இத்துணை நுட்பமாக உணர்ந்த ஒருவர் பிறர் இல்லங்களை அழித்த போரில் நின்றார் என்பது நம் நெஞ்சை உறுத்தும் உண்மையாகும்.

1943-இல் இவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சுபாஷ் சந்திர போஸ் தலைமையில், மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் படமெடுத்தல் இவர்க்கு இடப்பட்ட பணி. ‘டில்லிக்கு’ என்ற அப்படம் முற்றுப்பெறவில்லை. போர் முடிந்ததும் எடுத்தவை அழிக்கப்பட்டன. தோற்ற நாட்டினராய்க் காவலில் வைக்கப்பட்ட இவரும் தோழரும் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தனர். தாயகம் திரும்பும் முதற் கப்பலில் அனைவர்க்கும் இடமில்லாமையால், திருவுளச்சீட்டு இட்டனர். ஓசுவின் பெயர் வந்தது. அவரோ, திரும்பத் துடித்த வேறொருவர்க்குத் தம் இடத்தை விட்டுக்கொடுத்துத் தாம் பின் தங்கினார். 1946-இல்தான் தாயை மீண்டும் கண்டார். தமக்குரிய இடத்தை ஓசையின்றிப் பிறர்க்கு விடுதல் என்னும் இச்செயலை வாசகர் நினைவிற் கொள்வாராக.

1949-இல் வெளிவந்தது ‘பிந்திய வசந்தம்’ என்னும் படம். காமாகுரா என்னும் ஊரில் மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர். அவருக்கு நோரிகோ என்னும் ஒரே மகள். வயது இருபத்தேழாகியும் தந்தையை விட்டுப் பிரிய அவள் விரும்பவில்லை. தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தந்தை ஒரு பொய்யைச் சொல்கின்றார். அது கேட்ட மகள் உள்ளம் புண்பட்டு மணத்திற்கு இசைகின்றாள். இருவரும் இறுதியாகக் கியோட்டோ நகர் சென்று வருகின்றனர். அங்கே, இப்படியே உடனிருந்தால் போதும் என மகள் இரக்க, தந்தை அன்பாக மறுக்கின்றார். மணவிழாவோ மணமகனோ நமக்குக் காட்டப்படுவதில்லை. மணக்கோலம் பூண்ட மகளையும், அதன்பின் வெறிதான இல்லத்தையுமே காண்கின்றோம். தந்தை தனியே அமர்ந்து பழமொன்றின் தோலைச் சீவுகின்றார். தோல் நழுவி விழ, அவர் தலையும் தாழ்கின்றது. அவ்வளவே, அழுகையொலி இல்லை.

தந்தையாக நடித்தவர் சிஷு ரியு. மகளாக நடித்தவர் செட்சுகோ ஹாரா. கதையமைப்பில் துணை நின்றவர் கோகோ நோடா. ஓசுவும் நோடாவும் திங்கட்கணக்கில் ஒருங்கே தங்கி, உரையாடலை ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்து எழுதுவர். படக்கருவியைத் தரைக்கு மிக அருகே, பாயில் அமர்ந்தோர் கண்மட்டத்தினும் தாழ வைத்து, அசையாது நிறுத்தியே ஓசு படமெடுப்பார். ஆதலின் நாமும் அவ்வில்லத்தில் ஓரமாக அமர்ந்திருக்கும் உறவினர் போல் ஆகின்றோம்.

தந்தை சொன்ன பொய் தகுமா? இதனைப் பற்றி நம்முள்ளே கருத்து வேறுபாடு உண்டு. 1947-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானியப் புதிய அரசியற்சட்டம், இருபாலாரின் ஒப்புதலே திருமணத்திற்கு அடிப்படை என விதித்தது. அங்ஙனமிருக்க, மகளின் ஒப்புதலைப் பொய்யால் பெறுதல் முறையாகுமா? ஓசு விடை கூறுவதில்லை. ஆயின் அதே வினாவைப் பலவாறாக மீண்டும் எழுப்புகின்றார். 1951-இல் வந்த ‘முன்கோடை’யில் மகள் தானே தேர்ந்து, குழந்தையுள்ள ஒருவரை மணக்க இசைகின்றாள், குடும்பம் பிரிகின்றது. 1958-இல் எடுத்த, ஹிகன்பானா என்னும் மலரின் பெயர் தாங்கிய முதல் வண்ணப்படத்தில், ஊரார் மகளிர்க்கு உரிமை பேசும் தந்தை தம் மகளின் தேர்வை மட்டும் மறுத்துப் பின் மனமிளகுகின்றார். 1960-இல், முன்பு மகளாக நடித்த ஹாராவே தாயாகி மகளை அனுப்புகின்றார். 1953-இல் வந்த ‘டோக்கியோ கதை’யோ, மணந்து சென்ற மக்களைக் காணவரும் முதிய பெற்றோரின் தனிமையைக் கூறுவது. 2012-இல் உலகப் படஇயக்குநர்கள் வாக்களித்து, தலைசிறந்த படமாக இதனைத் தேர்ந்தனர்.

இறுதிப் படமாகிய ‘சன்மா மீனின் சுவை’ 1962-இல் வெளிவந்தது. அதில் முதிய ஆசிரியர் ஒருவர் தம் வசதிக்காக மகளை மணஞ்செய்து கொடாமல் வைத்துக்கொண்டு, அவள் இளமை கழிந்தபின் அதற்காக வருந்துகின்றார். அனுப்பினால் தந்தை தனியன். அனுப்பாவிடின் மகள் தனியள். இரண்டில் எதனைத் தாங்குவது? தாமே தாங்குதல் பெற்றோர்க்கு அழகு என்பதே ஓசு கண்ட முடிவு எனக் கருதுகின்றோம்.

அக்கதையை எழுதிக்கொண்டிருந்த காலத்தே, 1962 பிப்ரவரியில், ஓசுவின் தாயார் மறைந்தார். மணமின்றித் தாயோடு காமாகுராவில் வாழ்ந்த மகன் தனித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், தம் அறுபதாம் பிறந்தநாளன்றே, புற்றுநோயால் இவரும் மறைந்தார். காமாகுராவின் எங்காக்குஜி மடத்தில் உள்ள கல்லறையில் இவர் பெயர் இல்லை. இன்மை எனப் பொருள்படும் ஓரெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை காணலாம். ஓசு தந்தையாக இருந்ததில்லை. ஆயின் வீட்டை விட்டுப் போகாத நோரிகோவாக வாழ்நாளெல்லாம் இருந்தார். பிரிய மனமில்லாத பிள்ளையின் உள்ளத்தை அறிந்தமையாலேயே, பிரித்தனுப்பும் பெற்றோரின் உள்ளத்தையும் அவர் அறிந்தார். விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீளும் நாம், வாயிலில் நிற்போரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக. அவர்கள் புன்னகையோடுதான் நிற்பர். நாம் கண்ணுக்கு மறைந்தபின் அவர்கள் உள்ளே சென்று தனியே அமர்வதை ஓசுவின் படங்கள் நமக்குக் காட்டுகின்றன.