மலை நகரை மறந்து மதுரைக்கு வந்தவர்

ஹட் பே: இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், சுமார் 600 மீட்டர் உயரத்தில், மதில் சூழ நிற்கிறது மோன்தேபுல்சியானோ என்னும் பழைய நகரம். அங்கே செல்லும் பயணிகள் பெரிய சதுக்கத்தில் நொபிலி குடும்பப் பெயர் தாங்கிய கல் மாளிகையைக் காணலாம். அந்நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1577-ம் ஆண்டு தோன்றியவரே ராபர்ட் தெ நொபிலி.

சேசு சபைத் துறவியாகி, கப்பலேறி 1605-ல் கோவாவையும், மறு ஆண்டு மதுரையையும் அடைந்தார். பரங்கி என்றால் மக்கள் ஒதுங்குவதைக் கண்டார். காவியுடுத்தி, புலால் விடுத்து, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்று, தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதினார்.

எதிர்ப்போ சொந்தச் சபையிலேயே கிளம்பியது. பூணூலுக்கும் குடுமிக்கும் இடம் கொடுத்தது தவறு என்று மதுரையில் உடனிருந்த துறவியே புகார் செய்தார். 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. 1623-ல் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார். ஆயினும் சாதிப் பிரிவினையை அவர் ஏற்றதைக் குறை கூறுவோர் இன்றும் உண்டு.

1640-ல் மதுரையில் சிறைவாசமும் நேர்ந்தது. முதுமையில் பார்வை மங்கிய நிலையில் யாழ்ப்பாணத்திலும், பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்து, 1656 ஜனவரி 16-ம் தேதி காலமானார். மலை நகருக்கு அவர் திரும்பவேயில்லை.

கடல் கடந்து வந்து ஹட் பேயில் வேரூன்றிய தமிழருக்கு, வந்த இடத்தின் மொழியையே தன் மொழியாக்கிக்கொண்ட இவரது வாழ்வு நன்றாகவே புரியும்.