நூலகத் தந்தை இரங்கநாதனார்

தஞ்சைத் தரணியிலே, சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு தோன்றிய பெருமகனார் சீ. இரா. இரங்கநாதனார். இளமையிலேயே தந்தையை இழந்தார். திக்குவாயும் அவரை வருத்திற்று. எனினும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராய் அமர்ந்தார்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி அவரைத் தேடி வந்தது. மாணாக்கர் நடுவே வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை சிறையாகத் தோன்றிற்று. சில நாட்களிலேயே கல்லூரி முதல்வரிடம் சென்று, பழைய பணியைத் தருமாறு மன்றாடினார். இலண்டனில் பயின்று வந்த பின்னரும் மனம் ஒட்டாவிடில் திரும்பலாம் என்ற இசைவு பெற்றே கப்பலேறினார். மீண்டு வந்தவர் கணித வகுப்பை நாடவேயில்லை!

இலண்டனில் ஒரு கடையில், துளையிட்ட பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு விதவிதமான பொறிகளை அமைத்துக் காட்டும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். நூல்களைப் பகுக்கும் சிக்கலுக்கு விடை அங்கே பிறந்தது. பழைய முறைகள் முன்னரே அறைகளைக் கட்டி வைத்தன. புதிய பொருள் எதனுள்ளும் அடங்காது தவித்தது. இவரோ எப்பொருளையும் முதலில் உறுப்புகளாகப் பிரித்தார். இந்தியாவில் நெற்பயிரின் நோய்த்தடுப்புப் பற்றிய நூலா? நெல், நோய், தடுப்பு, நாடு என நான்காக்கி, முறைப்படி நிறுத்தி, பின்னரே குறியெண் தந்தார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்தனுள் எல்லாக் கூறுகளும் அடங்குமெனப் பிற்காலத்தே நிறுவினார். அவருடைய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. கணக்கைக் கண்டதும் விடைக்குத் தாவும் நம் சீத்தா கேம்ப்புப் பிள்ளைகளுக்கு இம்முறை புதுமையாகத் தோன்றலாம்.

மாணவர்க்கும் அவர் அவ்வாறே கற்பித்தார். கருத்து வேறு, சொல் வேறு, குறியீடு வேறு. ஒன்றன் சிக்கலை மற்றொன்றோடு குழப்பாது தனித்தனியே தீர்க்க வேண்டும் என்பது அவர் பாடம். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளும் இத்தகைய உரைகற்களே. நூல் பயன்படுவதற்கே உரியது என்பது முதல் விதி. பூட்டிய அலமாரியை (நம்மவர் சங்கங்களிலும் அவை உண்டு!) இவ்விதியின்முன் நிறுத்தினால் பூட்டு நில்லாது. தம் நூலகத்திலே படிப்போர் தாமே நூலை எடுத்துப் பார்க்க வழி திறந்தார். அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னே அவரது நெடுநாள் உழைப்பு நின்றது.

தம் சேமிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலகவியலுக்கு மனைவியார் சாரதா பெயரும் இணைந்த பேராசிரியர் பீடம் அமையச் செய்தார். 1962-இல் பெங்களூரில் ஆய்வு, பயிற்சி நிலையம் ஒன்றைத் தோற்றுவித்து, முதுமையிலும் மாணவரோடு அளவளாவியிருந்து, 1972 செப்டம்பர் 27-இல் அந்நகரிலேயே மறைந்தார்.