இடக்கை இசையரசி எலிசபெத் காட்டன்

இசை கற்க வேண்டுமானால் நல்ல ஆசிரியர் வேண்டும், சொந்தமாக ஒரு வாத்தியம் வேண்டும், பயிற்சி இடையில் விட்டுப் போகவும் கூடாது என்று நாம் எண்ணுகிறோம். ஆசிரியர் இன்றி, அண்ணனின் வாத்தியத்தில் கற்று, அதையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கைவிட்டு, அறுபது வயதுக்கு மேல் மேடை ஏறிப் புகழ் பெற்றார் ஒரு பெண்மணி. அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞரான எலிசபெத் காட்டனே அவர்.

அவர் 1893ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் நகரை அடுத்த ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. வீட்டில் எல்லோரும் அவரைச் செல்லப் பெயரிட்டே அழைத்தனர். பள்ளிக்குச் சென்ற முதல் நாள் ஆசிரியை பெயர் கேட்டபோது, எலிசபெத் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக் கொண்டாராம்!

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்கள், தம் தாய்நாட்டு வாத்தியங்களின் நினைவாக உருவாக்கியதே பாஞ்சோ. கஞ்சிராவைப் போல் தோல் போர்த்திய வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் அதற்கு உண்டு. தந்திகள் ஐந்து. அவற்றுள் ஐந்தாவது மட்டும் குட்டையானது. கட்டைவிரல் அதை மீட்ட, ஒரே உச்ச சுரம் இடைவிடாது ஒலிக்கும்.

அண்ணன் வேலைக்குப் போனதும் சிறுமி எலிசபெத் பாஞ்சோவை எடுத்து வைத்துக் கொள்வார். அவருக்கு இடக்கைப் பழக்கம். அது வலக்கைக்காரருக்கான வாத்தியம். ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மேலிருக்க வேண்டிய தந்தி கீழே வந்தது. கட்டைவிரல் செய்ய வேண்டியதை மற்ற விரல்கள் செய்தன. பிற்காலத்தில் கிதாரையும் அவ்வாறே பிடித்து, கட்டைவிரலால் பாட்டின் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச்சுரங்களையும் வாசித்தார். அந்த முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அண்ணன் ஊரை விட்டுச் சென்றபோது பாஞ்சோவும் உடன் சென்று விட்டது. எலிசபெத் மனம் தளரவில்லை. நம்மினும் இளைய வயதிலேயே பள்ளியை விட்டுப் பிறர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மாதக் கூலி ஏறத்தாழ ஒரு டாலர். அதைச் சேமித்து 3 டாலர் 75 சென்ட் விலையில் ஒரு கிதார் வாங்கினார். ஏறத்தாழ பன்னிரண்டு வயதில், வீட்டருகே ஓடிய இரயிலை எண்ணி 'ஃபிரெயிட் டிரெயின்' என்னும் பாடலை இயற்றினார்.

1910இல் திருமணம் நடந்தது. ஒரு மகளும் பிறந்தாள். உலகப் பாடல்களை வாசிப்பது தகாது என்று அவர் சேர்ந்திருந்த திருச்சபைப் பெரியோர் கூறினர். வீட்டு வேலையும் பெருகியது. கிதார் மௌனமாயிற்று.

பல்லாண்டுகள் கழித்து அவர் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் பணியாற்றினார். அங்கே கூட்டத்தில் வழி தவறிய பெக்கி என்னும் சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபர்ட் சீகர் என்னும் இசையமைப்பாளர். அவர் வீட்டிலேயே எலிசபெத் சமையல் முதலிய வேலைகளுக்கு அமர்ந்தார். அவ்வீட்டுச் சுவரில் ஒரு கிதார் தொங்கியது. ஒரு நாள் அவர் அதை எடுத்து வாசிக்க, வீட்டார் கேட்டு வியந்தனர். விரல்கள் எதையும் மறக்கவில்லை!

பெக்கியும் அவள் அண்ணன் மைக்கும் அவரிடம் பாடல்களைக் கற்றனர். மூன்று விரல்களால் விரைந்து மீட்டப்படும் புளூகிராஸ் பாஞ்சோ இசையை 1957இல் இசைத்தட்டாகத் தொகுத்தவர் இந்த மைக் சீகரே. அவரே பதிவு செய்த எலிசபெத்தின் முதல் இசைத்தட்டு 1958இல் வெளிவந்தது. இதற்கிடையில், பெக்கி இங்கிலாந்தில் பாடிய 'ஃபிரெயிட் டிரெயின்' பாடலை வேறு சிலர் தம் பெயரில் வெளியிட்டுப் புகழ் பெற்றனர். பின்னரே அதை இயற்றியவர் எலிசபெத் என்ற உரிமை நிலைநாட்டப்பட்டது.

1960இல், தம் 67ஆம் வயதில், முதன்முறையாக மேடையேறினார். 1985இல், 92ஆம் வயதில், கிராமி விருது பெற்றார். 1987 ஜூன் 29ஆம் நாள் சிராகியூஸ் நகரில் மறைந்தார்.

ஆசிரியரே இல்லாமல் கற்ற அவர் இன்று எத்தனையோ பேருக்கு ஆசிரியராக விளங்குகிறார். விரல்களால் கிதார் மீட்டப் பழகும் பலர் அவர் பாடலில்தான் தொடங்குகின்றனர். சமையலறையில் நின்ற அந்தக் கைகளுக்குள் இத்தனை இசை இருந்ததைச் சீகர் வீட்டாரும் முதலில் அறியவில்லை. தோழியரே, நம் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ இளமையில் கற்று விட்டுவிட்ட கலை ஏதேனும் இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் அருகில் அமர்ந்து கேட்டுப் பார்ப்போமா?